கண்ணாடிக் குழாயில் உறையாத இரத்தம்

மருத்துவத்தில் சில சோதனைகள், அவற்றை உருவாக்கியவர்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். பதில் ஆய்வகத்தில் கிடக்கும். அது எந்தக் கேள்விக்கான பதில் என்று புரிய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகும். ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்று இன்று அழைக்கப்படும் நோயின் கதை அத்தகையது. நம்மைக் காக்கவேண்டிய நோயெதிர்ப்பு மண்டலம், நம் இரத்தத்தில் ஓடும் புரதம் ஒன்றையே பகையென்று கருதி எதிர்ப்பான்களை உண்டாக்குகிறது. விளைவு, நாளங்களுக்குள் இரத்தம் உறைகிறது. முப்பது வயதில் பக்கவாதம், காலில் இரத்தக்கட்டு, அது நுரையீரலுக்குப் பயணித்து ஏற்படுத்தும் அடைப்பு, இவற்றோடு காரணம் தெரியாமல் அடுத்தடுத்து நிகழும் கருச்சிதைவுகள். இந்நோய்க்குப் பெயர் கிடைத்தது 1980களில்தான். அதைக் காட்டிக்கொடுத்த முதல் சோதனையோ 1906இலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது, முற்றிலும் வேறொரு நோயின் பெயரால்.

அந்த வேறொரு நோய் சிபிலிஸ். பறங்கிப்புண் என்று நம் முன்னோர் அதை அழைத்தார்கள். அயலான்மீது பழிபோடும் இந்த வழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. இத்தாலியர் அதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். 1906இல் ஜெர்மனியில் ஆகுஸ்ட் ஃபான் வாசர்மன், ஆல்பர்ட் நைசர், கார்ல் புருக் ஆகிய மூவரும் இந்நோயை இரத்தத்தைக் கொண்டு கண்டறியும் முறையை வெளியிட்டனர். நோய்க்கிருமி இருக்கும் திசுவை எடுத்து, அதன் சாற்றுடன் நோயாளியின் சீரத்தைக் கலக்கவேண்டும். சீரத்தில் அக்கிருமிக்கு எதிரான எதிர்ப்பான் இருந்தால் இரண்டும் பிணையும். அப்பிணைப்பு இரத்தத்தின் நிரப்புப் புரதங்களைச் செலவழித்துவிடும். பிறகு ஆட்டின் சிவப்பணுக்களை, அவற்றைத் தாக்கும் எதிர்ப்பானோடு சேர்த்து இட்டுப் பார்த்தால், நிரப்புப் புரதம் மிச்சமிருந்தால் அவை சிதையும், இல்லையென்றால் சிதையாமல் அடியில் தங்கும். கிருமி இருக்கும் திசுவாக அவர்கள் எடுத்துக்கொண்டது, சிபிலிஸால் இறந்து பிறந்த சிசுவின் ஈரல்.

தர்க்கம் அழகாக இருக்கிறது. ஆனால் அது பிழை. அடுத்த ஆண்டே வியன்னாவில் லாண்ட்ஸ்டைனரும் உடனிருந்தவர்களும், நோயற்ற திசுவின் ஆல்கஹால் சாறே போதும் என்று காட்டிவிட்டார்கள். மாட்டின் இதயத்திலிருந்து எடுத்த சாறு மிக நன்றாகவே வேலை செய்தது. மாட்டின் இதயத்தில் சிபிலிஸ் கிருமி கிடையாது. ஆக, சோதனை எதைக் கண்டுபிடிக்கிறது என்று கருதப்பட்டதோ அதை அது கண்டுபிடிக்கவில்லை. ஆயினும் சிபிலிஸ் நோயாளிகளை அடையாளம் காட்டியது. உலகெங்கும் ஆய்வகங்கள் அதைக் கைக்கொண்டன.

பிழையான கருதுகோளிலிருந்து பயன்தரும் உண்மை ஒன்று எப்படி முளைக்கிறது என்ற வியப்பு, இலக்கிய வாசகர் அறிந்திருக்கவேண்டிய ஒரு நூலுக்கு வித்திட்டது. லுட்விக் ஃப்லெக் அன்று போலந்தைச் சேர்ந்திருந்த ல்வோவ் நகரத்து யூத மருத்துவர்; சீரச் சோதனைகளைத் தன் கையால் செய்தவர். வாசர்மன் சோதனையையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அறிவியல் உண்மை என்பது தனி மேதையின் தலையில் உதிப்பதல்ல, ஒரு சிந்தனைக் குழுமத்தின் பழக்கங்களும் நம்பிக்கைகளும் கைத்திறனும் சேர்ந்து மெல்ல உருவாக்குவது என்று வாதிட்டார். நூல் 1935இல் ஸ்விட்சர்லாந்தின் பாசலில் ஜெர்மன் மொழியில் வெளிவந்து, ஏறக்குறைய எவராலும் படிக்கப்படாமல் கிடந்தது. ஃப்லெக் ஆஷ்விட்ஸ், புகன்வால்ட் முகாம்களைக் கடந்து உயிர்தப்பி, 1961இல் இஸ்ரேலில் மறைந்தார். மறு ஆண்டு தாமஸ் கூன் தமது புகழ்பெற்ற நூலின் முன்னுரையில் அவரைக் குறிப்பிட்டார். ஆங்கிலத்தில் ஃப்லெக் வர 1979 ஆயிற்று. அந்தச் சோதனைக்குள் இன்னொரு நோய் ஒளிந்திருந்ததை ஃப்லெக் அறிந்திருக்க வழியில்லை. அறிந்திருந்தால் இன்னொரு அத்தியாயம் எழுதியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

மாட்டு இதயச் சாற்றில் உண்மையில் வினைபுரிந்த பொருளை 1941இல் பிரித்தெடுத்தவர் மேரி பாங்பார்ன், நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையின் ஆல்பனி ஆய்வகத்தில் பணியாற்றிய வேதியியலாளர். இதயத்திலிருந்து கிடைத்த கொழுப்பு என்பதால் கார்டியோலிப்பின் என்று பெயரிட்டார். அது பாஸ்போலிப்பிட் வகையைச் சேர்ந்தது. உயிரணுக்களின் ஆற்றல்கூடமான மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் இருப்பது; ஓயாமல் துடிக்கும் இதயத் தசையில் மைட்டோகாண்ட்ரியா மிகுதி. தூய கார்டியோலிப்பின் கிடைத்ததும் சோதனை எளிமையாகி, வி.டி.ஆர்.எல். என்ற வடிவத்தில் நிலைபெற்றது. நம் ஊர் ஆய்வக முடிவுத் தாள்களில் இன்றும் காணும் அந்த நான்கு எழுத்துக்கள் அமெரிக்க பால்வினை நோய் ஆய்வகமொன்றின் பெயர்ச்சுருக்கம்.

இந்த இடத்தில் சோதனை ஆய்வகத்தைவிட்டு வீதிக்கு வருகிறது. 1935இல் கனெக்டிகட் மாநிலம் திருமணத்துக்கு முன் மணமக்கள் இருவரும் சிபிலிஸ் சோதனை செய்துகொள்ளவேண்டும் என்று சட்டம் இயற்றியது. பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. கருவுற்ற பெண்களுக்கும் படைவீரர்களுக்கும் சோதனை வந்தது. அதுவரை நோய்க்குறி உள்ளவரின் இரத்தம்தான் பெரும்பாலும் ஆய்வகத்துக்குப் போனது. இப்போது எக்குறையும் இல்லாத இலட்சக்கணக்கானோரின் இரத்தம் போயிற்று. அவர்களில் சிலருக்கு, நோய்க்கான வாய்ப்பே இல்லாதவர்களுக்கு, நோய் உண்டு என்று முடிவு வந்தது.

அந்தத் தாள் ஒரு பெண்ணின் வாழ்வில் என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். நிச்சயிக்கப்பட்ட திருமணம், குடும்பத்தின் பார்வை, அவளுடைய சொல்லுக்கு எதிராக ஆய்வகத்தின் சொல். பென்சிலின் சிகிச்சை 1943இல் வரும்வரை சிபிலிஸுக்கு மருந்து ஆர்சனிக் சேர்மங்களும் பிஸ்மத்தும்; ஓராண்டுக்கும் மேலாக வாரந்தோறும் ஊசி. இல்லாத நோய்க்காக நஞ்சை ஏற்றிக்கொண்டு, செய்யாத தவறுக்காகத் தலைகுனிந்து நின்றவர்கள் இருந்தார்கள். அவர்களைக் காப்பாற்ற மருத்துவர் கையில் எதுவுமில்லை. ஏனெனில் பொய் எது, மெய் எது என்று பிரித்துக்காட்டும் இரண்டாவது சாட்சி இல்லை.

அந்தச் சாட்சி 1949இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வந்தது. நெல்சன், மேயர் இருவரும் உயிருள்ள சிபிலிஸ் கிருமியையே பயன்படுத்தி, நோயாளியின் சீரம் அதன் அசைவை நிறுத்துகிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்கும் முறையை உருவாக்கினர். கடினமான, செலவுமிக்க சோதனை; ஆனால் ஐயத்துக்கு இடமில்லாதது. அதை வைத்துக்கொண்டு, சிபிலிஸ் மருத்துவத்தில் அந்நாளின் பேரறிஞரான ஜோசஃப் ஏர்ல் மூரும் மோரும் 1952இல் பொய்நேர் முடிவுகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு வகை, ஏதோ காய்ச்சலோ தொற்றோ வந்து போனபின் சில வாரங்களில் மறைந்துவிடுவது. மற்றது ஆண்டுக்கணக்கில் நிலைத்திருப்பது. இரண்டாம் வகையினரைத் தொடர்ந்து கவனித்தபோது அவர்களில் பெண்கள் மிகுதி என்பதும், கணிசமானோர் பின்னாளில் லூபஸ் என்னும் தன்னெதிர்ப்பு நோய்க்கு ஆளாயினர் என்பதும் தெரியவந்தது. பல ஆண்டுகளுக்கு முன்பே அவர்களின் இரத்தம் எச்சரித்திருக்கிறது. அந்த எச்சரிக்கைக்கு நாம் சூட்டிய பெயர்தான் தவறு.

அதே 1952இல் அதே மருத்துவமனையில் வேறொரு அறையில் லாக்கர்ட் கான்லியும் ஹார்ட்மனும் இரண்டு லூபஸ் நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களது பிளாஸ்மா கண்ணாடிக் குழாயில் உறைய மிகுந்த நேரம் எடுத்தது. இயல்பான பிளாஸ்மாவைச் சேர்த்தாலும் நிலைமை சீராகவில்லை. ஏதோ ஒன்று குறைகிறது என்றால் சேர்த்ததும் நிறைந்திருக்கவேண்டும்; நிறையவில்லை என்றால், ஏதோ ஒன்று தடுக்கிறது. ஐந்தாண்டுகள் கழித்து ஸ்வீடனில் லாரெல், இங்கா மாரி நில்சன் இருவரும், இந்த உறைதடுப்பும் வாசர்மன் சோதனையின் பொய்நேர் முடிவும் ஒரே நோயாளியில் சேர்ந்து வருவதைக் கவனித்தார்கள். பிளாஸ்மாவைக் கார்டியோலிப்பினோடு கலந்து எடுத்தால் தடுப்பாற்றல் குறைவதையும் கண்டார்கள். இரண்டு தனித்தனிக் கதைகள் ஒன்றாகும் இடம் இது.

இரத்தம் உறையவில்லை என்றால் நோயாளிக்கு இரத்தக்கசிவு வரவேண்டும். அப்படித்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 1963இல் மேயோ கிளினிக்கின் போவியும் உடனுழைத்தோரும் எழுதிய கட்டுரை அந்த எதிர்பார்ப்பைக் கலைத்தது: உறைதடுப்பான் உள்ள லூபஸ் நோயாளிகளில் சிலருக்கு நாளங்களுக்குள் இரத்தக்கட்டு உண்டாகிறது. கண்ணாடியில் உறைய மறுக்கும் இரத்தம், உடலில் உறையக்கூடாத இடத்தில் உறைகிறது! இந்த முரண் விளங்காத நிலையிலேயே 1972இல் அதற்கு லூபஸ் உறைதடுப்பான் என்ற பெயர் நிலைத்துவிட்டது. மருத்துவத்தின் பொருந்தாப் பெயர்களில் இதற்கு முதலிடம் தரலாம். இது இருப்பவர்களில் பலருக்கு லூபஸ் இல்லை. இது உடலில் உறைதலைத் தடுப்பதும் இல்லை.

முரணின் ஒரு பாதி எளிதில் விளங்கக்கூடியது. இரத்தம் உறைவது தொடர்வினை. ஒரு புரதம் அடுத்ததைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்ட, கடைசியில் ஃபைப்ரின் இழைகள் வலைபோல் பின்னிக்கொள்கின்றன. இப்புரதங்கள் அந்தரத்தில் சந்திப்பதில்லை. அவை கூடி வேலைசெய்ய பாஸ்போலிப்பிட்டால் ஆன ஒரு பரப்பு வேண்டும். ஆய்வகக் குழாயில் நாம் அளந்து ஊற்றும் பாஸ்போலிப்பிட் சொற்பம். எதிர்ப்பான்கள் அந்தச் சிறு பரப்பை முந்திச்சென்று அடைத்துக்கொள்வதால் உறைதல் தாமதமாகிறது. உடலிலோ பரப்புக்குப் பஞ்சமில்லை. அங்கே அதே எதிர்ப்பான்கள் நாளச் சுவரின் உள்ளணியையும் தட்டணுக்களையும் நிரப்புப் புரதங்களையும் சீண்டி, உறைவுக்கான சூழலை உண்டாக்குகின்றன. இந்த இரண்டாம் பாதியின் முழுக் கணக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

1983இல் லண்டன் ஹாம்மர்ஸ்மித் மருத்துவமனையில் கிரஹாம் ஹியூஸ் இத்துண்டுகளை ஒரே சித்திரமாகக் கோத்தார். இரத்தக்கட்டு, கருச்சிதைவு, மூளைப் பாதிப்பு, லூபஸ் உறைதடுப்பான் ஆகிய நான்கையும் ஒன்றாக வைத்துப் பேசிய அவரது கட்டுரை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. அதே ஆண்டு அவரது குழுவின் நைஜல் ஹாரிஸ் லான்செட் இதழில், கார்டியோலிப்பினுக்கு எதிரான எதிர்ப்பான்களை கதிரியக்க முறையில் நேரடியாக அளக்கும் வழியை வெளியிட்டார். வி.டி.ஆர்.எல். தவறவிட்ட நுண்ணிய அளவையும் இது பிடித்தது. சிபிலிஸ் சோதனையின் பொய்யாக இருந்தது, தனக்கென ஒரு சோதனையும் அலகும் பெற்றது. கயானாவில் பிறந்த ஹாரிஸ் பின்னாளில் மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். நம் வாசகர்களுக்கு இன்னொரு தகவல் உவப்பாக இருக்கும்: கயானாவின் ஆற்று முகங்களில் நில அளவையாளராக அலைந்து, 'பேலஸ் ஆஃப் தி பீகாக்' என்ற நாவலை 1960இல் எழுதிய வில்சன் ஹாரிஸின் மகன் இவர்.

இனி ஒரு பாம்பைப் பற்றிப் பேசவேண்டும். பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1780களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராகச் சோழமண்டலக் கரையில் பணியாற்றி, இங்குள்ள பாம்புகளை வண்ணப்படங்களுடன் தொகுத்து 1796இல் பெருநூலாக வெளியிட்டார். அவர் பெயரைத் தாங்கியிருப்பது ரஸ்ஸல் விரியன். நம் கண்ணாடி விரியன். வயலில் கால்வைக்கும் உழவர் அஞ்சும் இதன் நஞ்சு, உறைதல் தொடரின் பத்தாம் காரணியை நேரடியாகத் தூண்டிவிடும். கடிபட்டவர் உடலில் உறைதலுக்கான புரதங்கள் கட்டுக்கடங்காமல் செலவாகித் தீர்ந்துபோக, இரத்தம் உறையாமல் கசியத் தொடங்கும். சிற்றூர் மருத்துவமனைகளில் இதைக் கண்டறிய இன்றும் பயன்படுவது, சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தத்தை விட்டு, இருபது நிமிடம் அசையாமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்கும் சோதனை. உறைந்திருந்தால் நல்லது. வழிந்தால் நஞ்சுமுறி மருந்து ஏற்றவேண்டும்.

இந்நஞ்சை மருந்தாக்கலாம் என்று 1934இல் காட்டியவர்கள் லண்டனில் மெக்ஃபார்லேனும், விலங்குக்காட்சிச் சாலையின் ஊர்வனப் பிரிவுப் பொறுப்பாளர் பர்கெஸ் பார்னெட்டும். பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் கரைத்த நஞ்சு, ஹீமோஃபிலியா நோயாளியின் இரத்தப்போக்கைப் பூசிய இடத்தில் நிறுத்தியது. இதே மெக்ஃபார்லேன்தான் 1964இல் உறைதலை அடுக்கருவியாக உருவகித்து விளக்கியவர். அந்த அருவியின் நடுவழியில் குதித்து நுழையும் இந்த நஞ்சு, உறைதடுப்பானைக் கண்டுபிடிக்கவும் உதவும் என்று 1986இல் பெருமாள் தியாகராஜன், விட்டோரியோ பெங்கோ, சாண்டர் ஷாபிரோ ஆகியோர் 'பிளட்' இதழில் எழுதினார்கள். முதற்பெயரில் தமிழ் வாசகரின் கண் ஒரு கணம் நிற்பது இயல்பே.

சோதனையின் நுட்பம் இதுதான். நீர்த்த நஞ்சும் மிகக் குறைந்த பாஸ்போலிப்பிட்டும் கால்சியமும் பிளாஸ்மாவில் சேர்க்கப்பட்டு உறைய ஆகும் நேரம் நொடிகளில் அளக்கப்படும். நஞ்சு பத்தாம் காரணியை நேரே தொடுவதால், அதற்கு மேலே உள்ள எட்டு, ஒன்பதாம் காரணிகளின் குறைபாடு முடிவைக் குழப்பாது. நேரம் நீண்டால், இயல்பான பிளாஸ்மாவைக் கலந்து மறுபடி பார்ப்பார்கள். அப்போதும் நீண்டால் தடுப்பான் உண்டு. பிறகு பாஸ்போலிப்பிட்டைத் தாராளமாகச் சேர்ப்பார்கள். பரப்பு பெருகியதும் நேரம் இயல்பை நெருங்கினால், தடுப்பான் பாஸ்போலிப்பிட் சார்ந்தது என்பது உறுதி. இவ்வளவும் செய்து, பிளாஸ்மாவிலிருந்து தட்டணுக்களைச் சரியாக நீக்காமல் விட்டால் எல்லாம் வீண். தட்டணுவின் சவ்வும் பாஸ்போலிப்பிட்தான். உறைபதனத்தில் அவை உடைந்தால் எதிர்ப்பானை விழுங்கி, நோயை மறைத்துவிடும். அதனால்தான் மாதிரியை இருமுறை மைய விலக்கியில் சுழற்றச் சொல்கிறார்கள். இரத்தம் எடுத்த கையின் அவசரம் முடிவை மாற்றிவிடக்கூடிய சோதனை இது.

1990இல் இன்னொரு திருப்பம். ஆஸ்திரேலியா, நெதர்லாந்து, ஜப்பான் என மூன்று இடங்களில் மூன்று குழுக்கள் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தன: தன்னெதிர்ப்பு நோயாளிகளின் எதிர்ப்பான் கார்டியோலிப்பினைத் தாக்குவதில்லை. அதில் ஒட்டிக்கொள்ளும் பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன்-1 என்ற இரத்தப் புரதத்தைத்தான் தாக்குகிறது. சிபிலிஸ் நோயாளியின் எதிர்ப்பானுக்கோ இந்தப் புரதம் தேவையில்லை. அது கார்டியோலிப்பினையே பிடிக்கும். வாசர்மனின் சோதனையில் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே முகமாகத் தெரிந்தவை இரண்டு வேறு முகங்கள். ஆக, நோயின் பெயரில் உள்ள பாஸ்போலிப்பிட்டும் முழுச்சரியல்ல. பெயர் மாறவில்லை, மாறவும் போவதில்லை.

இவ்வறிவினால் யாருக்கு என்ன பயன் என்ற கேள்விக்கு 1997இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனை தந்த விடை போதும். அடுத்தடுத்துக் கருவிழந்த, எதிர்ப்பான் உள்ள 90 பெண்களை ராயும் ரீகனும் உடனிருந்தோரும் இரு பிரிவாக்கினர். ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களில் 42 விழுக்காட்டினர் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர். ஆஸ்பிரினோடு ஹெப்பாரின் ஊசியும் போட்டுக்கொண்டவர்களில் 71 விழுக்காட்டினர். கருவில் குறை என்றும் விதி என்றும், பல வீடுகளில் பெண்ணின் ராசி என்றும் சொல்லப்பட்டதற்குப் பின்னே அளக்கக்கூடிய ஒரு புரதமும் கொடுக்கக்கூடிய ஒரு மருந்தும் இருந்தன.

அளவுகோல்கள் பின்னர் வந்தன. 1998இல் சப்போரோவிலும் 2004இல் சிட்னியிலும் கூடிய வல்லுநர்கள் வரையறை வகுத்தார்கள். லூபஸ் உறைதடுப்பான், கார்டியோலிப்பின் எதிர்ப்பான், பீட்டா-2 எதிர்ப்பான் ஆகிய மூன்றில் ஒன்றேனும் இருக்கவேண்டும். குறைந்தது 12 வாரம் கழித்துச் சோதித்தாலும் இருக்கவேண்டும். இந்தப் பன்னிரண்டு வாரக் காத்திருப்பில், வந்துபோவதையும் நிலைத்திருப்பதையும் பிரித்த பழைய மூரின் நிழல் தெரிகிறது. மூன்றும் சேர்ந்து இருப்பவர்களுக்கே ஆபத்து மிகுதி என்று வலியுறுத்திவந்தவர், 1986ஆம் ஆண்டுக் கட்டுரையின் அதே பெங்கோ. 2018இல் அவர் தலைமையில் வெளியான ஆய்வு, இத்தகையோருக்கு ரிவராக்சபான் என்ற புதிய மாத்திரை பழைய வார்ஃபரினுக்கு ஈடாகாது என்று காட்டியது; ரிவராக்சபான் பிரிவில் இரத்தக்கட்டுகள் மிகுந்ததால் ஆய்வை நடுவிலேயே நிறுத்தவேண்டியிருந்தது. அந்த மாத்திரை விரியன் நஞ்சுச் சோதனையையும் குழப்பி, இல்லாத தடுப்பானை இருப்பதாகக் காட்டக்கூடியது. எனவே எந்த மருந்து உட்கொள்கிறீர்கள் என்று கேட்காமல் எடுக்கப்படும் மாதிரியின் முடிவை நம்புவதற்கில்லை.

2023இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் இணைந்து புள்ளிக்கணக்கில் புதிய வரையறையைத் தந்தன. ஆய்வுக்கான வகைப்பாடு இது, படுக்கையருகே நோயைத் தீர்மானிக்க அல்ல என்று அதை வகுத்தோரே சொல்கிறார்கள். கருச்சிதைவு மட்டுமே குறியாக உள்ள பெண்கள் பலர் அக்கணக்கில் போதிய புள்ளி பெறமாட்டார்கள். இக்குறை குறித்த விவாதம் நியாயமானதென்றே படுகிறது. எந்தப் பெண்களின் இழப்பு இந்நோயைக் காண வழிசெய்ததோ, அவர்களே விளிம்புக்குத் தள்ளப்படுகிறார்கள்.

நம் நாட்டில் கருவுற்ற பெண்ணுக்கு எடுக்கும் தொடக்கச் சோதனைகளில் சிபிலிஸ் சோதனையும் உண்டு. பல இடங்களில் அது வி.டி.ஆர்.எல்.தான். அது நேர் என்று வந்து, கிருமிக்கே உரிய எதிர்ப்பானைத் தேடும் உறுதிச்சோதனை இல்லை என்று சொன்னால், பல தாள்கள் அத்தோடு மடித்து வைக்கப்படுகின்றன. சில மருத்துவர்கள் மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இதுக்கு முன்னாடி எத்தனை தடவைம்மா கலைஞ்சிருக்கு?" என்று கேட்கிறார்கள்.